யார் சொல்லி யார் பார்த்த படம்?

"அதிகம் பேர் பார்க்காத நல்ல படம் ஒன்று சொல்லுங்களேன்." சினிமாப் பித்துப் பிடித்த இருவர் சந்தித்தால் மூன்றாவது நிமிடத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். பதிலுக்கும் பஞ்சமில்லை. ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். ஒரு ஜப்பானிய சாமுராய்ப் படம், ஓர் இத்தாலியத் திகில் படம், வெளியானபோது ஓடாமல் போய்ப் பின்னாளில் கொண்டாடப்பட்ட ஓர் அமெரிக்கக் குற்றப் படம். அந்தப் பட்டியலை வாங்கி, இயக்குநர் பெயர்களை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே வாருங்கள், தோழிகளே. பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயரைக்கூடத் தொடாமல் கடைசி வரிக்கு வந்து சேர்ந்துவிடுவீர்கள்.

நான் பல ஆண்டுகளாகக் கல்லூரி மாணவிகளோடு சேர்ந்து படம் பார்த்து வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வருகிறவர்களில் ஒருத்தியாவது கேட்டுவிடுவாள்: "அந்தக் காலத்தில் பெண்கள் படம் எடுக்கவே இல்லையா, மேடம்?" அவள் பார்த்த பட்டியல்களை வைத்துப் பார்த்தால் கேள்வி நியாயமானதுதான். எடுத்தார்கள் என்பதே பதில். சினிமா பிறந்த மறு ஆண்டிலேயே எடுத்தார்கள். அந்தப் படங்கள் உங்கள் கைக்கு ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. சில படங்களை உங்களுக்குச் சொல்லிக்கொண்டே அந்த வரலாற்றையும் சொல்கிறேன். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரு படம் அறியப்படாமல் போவது அதன் பிறவிக்குணம் போலப் பேசப்படுகிறது. உண்மையில் யாரோ எடுத்த முடிவுகளின் விளைவு அது. எந்தப் படத்தை எத்தனை அரங்கில் போடுவது, எந்தச் சுருளைப் பாதுகாப்பது, எந்தப் பெயரைப் புத்தகத்தில் எழுதுவது என்று யாரோ தீர்மானித்திருக்கிறார்கள்.

ஒரே ஆண்டு, ஒரே நகரம்

'கல்ட் படம்' என்ற சொல்லிலிருந்து தொடங்குவோம். இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு நள்ளிரவு இருக்கிறது. 1970 டிசம்பரில் நியூயார்க்கின் எல்ஜின் திரையரங்கில் அலெஹாந்த்ரோ ஹோதொரோவ்ஸ்கியின் 'எல் தோப்போ' நள்ளிரவுக் காட்சியாகத் திரையிடப்பட்டது. பெரிய விளம்பரம் எதுவும் இல்லை. பார்த்தவர்கள் நண்பர்களிடம் சொன்னார்கள், நண்பர்கள் வந்தார்கள், மாதக்கணக்கில் ஓடியது. ஜான் லென்னனும் பார்த்தார். அவருக்குப் பிடித்துப்போய்ச் சொல்ல, அவருடைய மேலாளர் ஆலன் கிளைன் படத்தின் உரிமையை வாங்கினார். நள்ளிரவுப் படங்கள் என்ற ஒரு வழக்கமே அங்கிருந்து பரவியது என்று சினிமா வரலாறுகள் எழுதுகின்றன. அந்தப் படத்தில் ஒரு பெண் வன்புணர்வுக்கு ஆளாகும் காட்சி உண்டு. அது கொண்டாட்டத்துக்கு எந்த வகையிலும் இடையூறாகவில்லை.

அதே 1970இல் பார்பரா லோடன் என்ற நடிகை 'வாண்டா' என்ற படத்தை எழுதி, இயக்கி, நடித்து முடித்திருந்தார். வெனிஸ் திரைப்பட விழாவில் அதற்குப் பரிசும் கிடைத்தது. மறு ஆண்டு தொடக்கத்தில் அது வெளியானபோது நியூயார்க்கில் ஒரே ஒரு திரையரங்கில் ஓடியது. அமெரிக்காவின் பிற பகுதிகளை அது எட்டவே இல்லை என்று சொல்லிவிடலாம். லோடனைப் பற்றி எழுதியவர்கள் பலர் அவரை இயக்குநர் எலியா கஸானின் மனைவி என்றே முதலில் அறிமுகப்படுத்தினார்கள். அதன்பின் அவர் ஒரு முழுநீளப் படம்கூட இயக்கவில்லை. 1980இல் 48 வயதில் மார்பகப் புற்றுநோயால் இறந்தார்.

இரண்டு படங்களும் சிறிய பணத்தில் எடுக்கப்பட்டவை. இரண்டும் வழக்கமான கதைசொல்லலைத் தூக்கியெறிந்தவை. ஒன்று அதே காரணத்துக்காகவே வழிபடப்பட்டது. மற்றொன்றுக்கு அந்த வாய்ப்பே தரப்படவில்லை. நள்ளிரவில் தெருவில் இறங்கிச் சினிமாவுக்குப் போகவும், விடியும்வரை நண்பர்களோடு அதைப் பற்றிப் பேசவும் யாருக்கு உரிமை இருந்ததோ அவர்கள் பரிந்துரைத்த படங்களே 'கல்ட்' ஆயின. நம் ஊரில் இரண்டாம் ஆட்டத்துக்குத் தனியாகப் போன பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். மாலை ஆறரைக்குள் விடுதிக்குத் திரும்பியாக வேண்டிய மாணவிக்குத் திரைப்படச் சங்கத்தின் ஏழு மணிக் காட்சி எந்த அளவுக்குத் திறந்த கதவு? சினிமா ரசனை என்று சொல்லப்படுவதில் பாதி, நேரமும் தெருவும் யார் கையில் இருக்கின்றன என்ற கணக்குதான்.

குப்பைக்குப் போகவிருந்த பெட்டி

'வாண்டா'வை முதல் படமாகச் சொல்கிறேன். பென்சில்வேனியாவின் நிலக்கரிப் பகுதி. கறுத்த கரிமேடுகளுக்கு நடுவே வெள்ளை உடுப்பில் ஒரு பெண் மிகச் சிறிய புள்ளியாக நடந்துபோகிறாள். கேமரா விலகி நின்று அவள் நடப்பதை நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருக்கிறது. விவாகரத்து வழக்குக்குத் தலைமுடியில் சுருள் உருளைகளைக்கூட எடுக்காமல் தாமதமாகப் போய்ச் சேருகிறாள். குழந்தைகள் அவரிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறாள். வேலை இல்லை, பணம் இல்லை, போக இடமும் இல்லை. தற்செயலாக ஒரு திருடனோடு சேர்கிறாள். அவன் அவளை அதட்டுகிறான், அடிக்கிறான், அவள் உடையைத் தீர்மானிக்கிறான். வங்கிக் கொள்ளைக்கும் அழைத்துப் போகிறான். பதினாறு மில்லிமீட்டர் கேமராவில் நான்கைந்து பேர் கொண்ட குழு எடுத்த படம் இது. வங்கிக் கொள்ளையில் பிடிபட்டுத் தண்டனை பெற்ற ஒரு பெண், நீதிபதிக்கு நன்றி சொன்னாள் என்ற செய்தியைப் படித்ததே லோடனுக்கு விதையாக இருந்தது. சிறைக்கு அனுப்பியதற்கு ஒருத்தி நன்றி சொல்கிறாள் என்றால் வெளியே அவள் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும்?

வெளிவந்த காலத்தில் பெண்ணியவாதிகள் சிலருக்கும் வாண்டாவைப் பிடிக்கவில்லை. அவள் எதிர்க்கவில்லை, விழித்துக்கொள்ளவில்லை, கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியேறவில்லை. விடுதலை இயக்கம் பெருகிய நாட்களில் இப்படி ஒரு நாயகியா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. ஆனால் எங்கள் திரையிடலில் ஒரு மாணவி சொன்னதை இங்கே எழுத வேண்டும். "எங்கள் பெரியம்மா இப்படித்தான் இருப்பார். யாராவது சாப்பிடு என்றால் சாப்பிடுவார். எழுந்திரு என்றால் எழுந்திருப்பார். அவரை மந்தம் என்று சொல்வார்கள். யாரும் அவரைக் கேமரா வைத்துப் பார்த்ததில்லை." வெல்கிற பெண்களின் கதை நமக்கு வேண்டும்தான். வெல்வதற்கு வழியே இல்லாமல் போனவளை ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகக் கண்ணெடுக்காமல் பார்ப்பதும் பெண்ணியத்தின் வேலைதான்.

இந்தப் படம் எப்படிப் பிழைத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பரிந்துரை முழுமையாகும். பிரெஞ்சு எழுத்தாளர் மார்கெரித் த்யூரா இதைப் பற்றி ஊக்கத்தோடு பேசினார். நடிகை இசபெல் யூப்பேர் 2004இல் பிரான்சில் டிவிடியாக வெளிவர வழிசெய்தார். 2007இல் ஹாலிவுட்டில் படச்சுருள் கழுவும் கூடம் ஒன்று மூடப்பட்டபோது, குப்பைக்குப் போகவிருந்த பெட்டிகளுக்கு நடுவே 'வாண்டா'வின் மூலச்சுருளைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத் திரைப்பட ஆவணக்காப்பகத்தைச் சேர்ந்த ஒருவர் கண்டெடுத்தார். 2010இல் மீட்டெடுக்கப்பட்ட பிரதி திரைக்கு வந்தது. 2012இல் நத்தலி லெஜே லோடனைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒரு பெண் பேசினாள், இன்னொருத்தி வெளியிட்டாள், வேறொருத்தி எழுதினாள். 'எல் தோப்போ'வுக்கு லென்னனின் ஒரு சொல் சில மாதங்களில் செய்ததைச் செய்ய, 'வாண்டா'வுக்கு நாற்பது ஆண்டுகளும் பல பெண்களின் குரலும் தேவைப்பட்டன.

தன் படங்களைத் தேடி அலைந்தவர்

இப்போது சினிமாவின் தொடக்கத்துக்குப் போவோம். ஆலிஸ் கீ பாரிசில் கோமோன் நிறுவனத்தில் செயலாளராகச் சேர்ந்தவர். லூமியேர் சகோதரர்கள் தம் கருவியைக் காட்டியபோது நேரில் பார்த்தவர். தொழிற்சாலை வாசலையும் ரயிலையும் மட்டும் காட்டாமல் இதில் கதை சொல்லலாமே என்று அவருக்குத் தோன்றியது. செயலாளர் வேலை கெடாமல் செய்வதாக இருந்தால் செய்துகொள் என்று முதலாளி அனுமதித்தார். 1896இல் முட்டைக்கோசுத் தோட்டத்தில் குழந்தைகளை எடுத்துத் தரும் ஒரு தேவதையின் கதையைப் படமாக்கினார். இன்று கிடைக்கும் பிரதி எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். கதைப்படத்தின் தொடக்கத்தில் அவர் நிற்கிறார் என்பதில் ஐயமில்லை. 1907 வரை கோமோனின் படத்தயாரிப்புப் பிரிவையே அவர் நடத்தினார். பிறகு அமெரிக்கா போய் 1910இல் சோலாக்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 1912இல் நியூஜெர்சியின் ஃபோர்ட் லீயில் படப்பிடிப்புத் தளம் கட்டினார்.

அவருடைய படங்களில் 1906இல் வந்த 'பெண்ணியத்தின் விளைவுகள்' என்ற குறும்படத்தை உங்களுக்குச் சொல்வேன். ஏழு நிமிடம்கூட முழுதாக இருக்காது. அதில் ஆண்கள் தைக்கிறார்கள், துணி தேய்க்கிறார்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து புகைக்கிறார்கள், குடிக்கிறார்கள், தெருவில் போகும் ஆணை மடக்கித் தொல்லை செய்கிறார்கள். கடைசியில் பொறுக்க முடியாத ஆண்கள் கூட்டமாகத் திரண்டு மதுக்கடையைத் திரும்பக் கைப்பற்றுகிறார்கள். பெண்ணியத்தைக் கிண்டல் செய்யும் படம் போலத் தொடங்கி, ஆண்கள் அன்றாடம் நடந்துகொள்ளும் விதத்தை அப்படியே பெண்ணின் உடலில் ஏற்றிக் காட்டிவிடுகிறது. மாணவிகள் சிரிக்கத் தொடங்கி, தெருவில் மடக்கும் காட்சி வரும்போது சட்டென்று அடங்குவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன்.

ஆலிஸ் கீ 1922இல் மணமுறிவுக்குப் பின் இரண்டு பிள்ளைகளோடு பிரான்சுக்குத் திரும்பினார். படம் எடுக்க அங்கே யாரும் வாய்ப்புத் தரவில்லை. வரலாற்றுப் புத்தகங்கள் வந்தபோது அவருடைய படங்கள் சில அவரிடம் உதவியாளர்களாக இருந்த ஆண்களின் பெயரில் ஏறியிருந்தன. பல படங்கள் குறிப்பிடப்படவே இல்லை. முதிய வயதில் தான் எடுத்த படங்களின் பட்டியலைத் தானே எழுதினார், பிரதிகளைத் தேடினார், பிழைகளைத் திருத்தச் சொல்லிக் கடிதம் எழுதினார். 1968இல் நியூஜெர்சியில் காலமானார். அவருடைய நினைவுக்குறிப்புகள் நூலாக வந்தது 1976இல். நூற்றுக்கணக்கில் படம் எடுத்த ஒருவர், தான் அவற்றை எடுத்ததை நிரூபிப்பதற்காகவே கடைசிக் காலத்தைச் செலவழிக்க வேண்டியிருந்தது. எனக்கு இதைவிட வலிக்கும் செய்தி சினிமா வரலாற்றில் வேறில்லை.

அமெரிக்காவில் அவர் காலத்தவரான லூயிஸ் வெபரின் 'ஷூஸ்' படத்தையும் தவறவிடாதீர்கள். 1916இல் வந்த மௌனப் படம். வாரம் ஐந்து டாலர் சம்பளத்துக்குக் கடையில் நின்றுகொண்டே வேலை செய்யும் பெண், தேய்ந்த செருப்புக்கு அடியில் தினமும் இரவில் அட்டையை வெட்டி வைக்கிறாள். மழையில் அட்டை ஊறிப் பிய்ந்துபோகிறது. அப்பா வேலைக்குப் போகாமல் நாவல் படித்துக்கொண்டிருக்கிறார். ஒரு ஜோடிக் காலணிக்காக அவள் என்ன விலை கொடுக்கிறாள் என்பதே கதை. நின்றுகொண்டே வேலை செய்யும் நம் ஜவுளிக்கடைப் பெண்கள் இருக்கை கேட்டுப் போராடிய பிறகுதான் தமிழ்நாடு 2021இல் அதற்குச் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. நூறாண்டு பழைய படம் என்று தள்ளிவைக்க முடியாது.

1936: இரண்டு வெற்றிடங்கள்

சில படங்களை நான் பரிந்துரைக்க முடியாது. பார்க்க அவை இல்லை.

திருவையாற்றில் பிறந்த டி.பி. ராஜலட்சுமி, 1931இல் வெளிவந்த 'காளிதாஸ்' பேசும்படத்தின் நாயகி என்பது நம் பள்ளிப் பொது அறிவுப் புத்தகங்கள்வரை வந்துவிட்டது. அவர் நாவலும் எழுதினார் என்பதும், தன் நாவலை வைத்து 1936இல் 'மிஸ் கமலா' என்ற படத்தைத் தானே தயாரித்து, இயக்கி, நடித்தார் என்பதும் அந்த அளவுக்கு வரவில்லை. தமிழில் ஒரு பெண் இயக்கிய முதல் படம் அது. இன்று அதன் பிரதி கிடைப்பதில்லை. 'காளிதாஸ்' படமும் கிடைப்பதில்லை. அவர் 1964இல் காலமானார். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் தொடங்கப்பட்டதும் அதே 1964இல்தான். அதற்கு முன்பே எத்தனையோ சுருள்கள் எளிதில் தீப்பற்றும் தன்மையால் எரிந்தும், வெப்பத்தில் உருகியும், அவற்றிலிருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்க விற்கப்பட்டும் போய்விட்டன. 1926இல் 'புல்புல்-ஏ-பரிஸ்தான்' படத்தை இயக்கி, இந்தியாவின் முதல் பெண் இயக்குநர் என்று அறியப்படும் ஃபாத்மா பேகத்தின் அந்தப் படமும் இப்படிப் போனதுதான்.

'மிஸ் கமலா' வந்த அதே 1936இல் ஜப்பானில் சகானே தசுகோ என்ற பெண் 'ஹட்சு சுகத்தா' என்ற படத்தை இயக்கினார். அந்நாட்டின் முதல் பெண் இயக்குநர் அவர். புகழ்பெற்ற இயக்குநர் மிசோகுச்சியிடம் உதவியாளராக இருந்தவர். அந்தப் படமும் தொலைந்துவிட்டது. பின்னர் ஜப்பானிய ஆதிக்கத்தில் இருந்த மஞ்சூரியாவுக்குப் போய் ஆவணப்படங்கள் எடுத்தார். போருக்குப் பின் ஊர் திரும்பியபோது பட்டப்படிப்பு இல்லை என்ற காரணத்தைச் சொல்லி அவருக்கு இயக்குநர் வேலை மறுக்கப்பட்டது. காட்சித் தொடர்ச்சி எழுதும் பணிக்குத் திரும்பினார். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பெண்கள், ஒரே ஆண்டு, இரண்டு வெற்றிடங்கள். எல்லாத் தொலைந்த படங்களும் பெண்கள் எடுத்தவை அல்ல. ஆண்களின் படங்களும் ஏராளமாக அழிந்தன. ஆனால் நூறு படம் எடுத்தவர்களின் உலகில் பத்து அழிந்தால் தொண்ணூறு மிஞ்சும். ஒன்றே ஒன்று எடுக்க முடிந்தவளுக்கு அந்த ஒன்று அழிந்தால் ஒரு மரபே அழிகிறது. அடுத்து வருகிறவள் மறுபடியும் 'முதல் பெண்' ஆக வேண்டியிருக்கிறது.

கைக்கு எட்டும் ஐந்து

மிஞ்சியவற்றிலிருந்து இன்னும் ஐந்தைச் சொல்கிறேன்.

சகானேவுக்குப் பின் ஜப்பானில் கேமராவுக்குப் பின்னால் போனவர் தனக்கா கினுயோ. நூற்றுக்கணக்கான படங்களில் நடித்த பெரும் நட்சத்திரம். 1953க்கும் 1962க்கும் இடையில் ஆறு படங்களை இயக்கினார். தன் படங்களில் அவரை நாயகியாக வைத்துப் புகழ்பெற்ற மிசோகுச்சியே அவர் இயக்குநராவதை எதிர்த்தார். 1955இல் வந்த 'நித்திய மார்பகங்கள்' படத்தைப் பாருங்கள். நாகாஜோ ஃபுமிகோ என்ற உண்மைக் கவிஞரின் வாழ்க்கை. மணமுறிந்தவள், இரு குழந்தைகளின் தாய், மார்பகப் புற்றுநோயால் மார்பை இழந்தவள். நோயாளி என்றால் தியாகியாகவோ பாவமாகவோ காட்டும் வழக்கத்தை இந்தப் படம் உடைக்கிறது. அவள் பொறாமைப்படுகிறாள், சினம் கொள்கிறாள், மருத்துவமனைக் கட்டிலிலேயே ஓர் ஆணை விரும்புகிறாள். தோழியின் வீட்டுக் குளியலறையில் தன் உடலை அவளிடம் மறைக்காமல் காட்டும் காட்சி ஒன்று உண்டு. 1955இல் அதை எடுக்க எவ்வளவு துணிவு வேண்டும்! திரைக்கதையை எழுதியவரும் ஒரு பெண், தனக்கா சுமியே. 2021இல்தான் இந்த ஆறு படங்களும் புதுப்பிக்கப்பட்டு உலகைச் சுற்றின.

ஈரானியக் கவிஞர் ஃபரூக் ஃபரக்ஸாத் தன் வாழ்நாளில் இயக்கியது ஒரே ஒரு ஆவணப்படம். 1962இல் தப்ரீஸ் அருகே தொழுநோயாளர் குடியிருப்பில் பன்னிரண்டு நாட்களில் எடுக்கப்பட்ட 'அந்த வீடு கறுப்பு'. இருபது நிமிடத்தைச் சற்றே தாண்டும். சிதைந்த முகங்களை அவர் கேமரா திருட்டுத்தனமாகப் பார்ப்பதில்லை, இரக்கத்தோடும் பார்ப்பதில்லை. ஒரு பெண் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்வதை அவளோடு சேர்ந்து நின்று பார்க்கிறது. வகுப்பறையில் அசிங்கமான பொருள்கள் சிலவற்றின் பெயரைச் சொல் என்று ஆசிரியர் கேட்க, சிறுவன் கை, கால், தலை என்று சொல்லும் இடத்தில் எங்கள் அரங்கில் யாரும் மூச்சுவிடவில்லை. 1967இல் 32 வயதில் கார் விபத்தில் ஃபரூக் இறந்தார். ஈரானியப் புதிய அலை சினிமாவின் பேச்சு வரும்போதெல்லாம் இந்தப் படத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

செக் நாட்டின் வேரா கித்திலோவா 1966இல் எடுத்த 'டெய்சிப் பூக்கள்' நேர் எதிர்த் துருவம். மரீ என்ற ஒரே பெயர் கொண்ட இரண்டு பெண்கள் உலகமே கெட்டுப்போனால் நாமும் கெட்டுப்போவோம் என்று முடிவெடுக்கிறார்கள். கிழட்டு ஆண்களிடம் விருந்து தின்று ரயிலேற்றிவிடுகிறார்கள். கத்தரிக்கோலால் எல்லாவற்றையும் வெட்டுகிறார்கள். ஒரு பெரிய விருந்துக் கூடத்தையே மிதித்து நாசம் செய்கிறார்கள். உணவை வீணடித்தார்கள் என்று 1967இல் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் கொதித்தார். இரண்டு பெண்கள் அடக்கமில்லாமல் சாப்பிடுவது அரசுக்கே பிரச்சினையாகிவிட்டது. சோவியத் படையெடுப்புக்குப் பின் வந்த கெடுபிடியில், 1970களின் முற்பகுதியில் கித்திலோவாவால் நாட்டில் முழுநீளப் படம் எடுக்க முடியவில்லை.

கேத்லீன் காலின்ஸ் நியூயார்க்கில் சினிமா கற்பித்த கறுப்பினப் பேராசிரியர். 1982இல் 'லூசிங் கிரவுண்ட்' எடுத்தார். நாயகி தத்துவப் பேராசிரியை, கணவன் ஓவியன். அவன் கோடைக்கு வீடெடுத்து இன்னொரு பெண்ணை வரைந்துகொண்டு பரவசத்தில் திளைக்கிறான். அறிவால் வாழும் அவளோ பரவசம் என்றால் என்ன என்று நூலகத்தில் ஆராய்ந்துகொண்டிருக்கிறாள். வறுமையும் வன்முறையும் இல்லாத கறுப்பினப் பெண்ணின் அகவாழ்க்கையை விநியோகிக்க அன்று யாரும் முன்வரவில்லை. காலின்ஸ் 1988இல் 46 வயதில் இறந்தார். மகள் நீனா காலின்ஸ் அம்மாவின் சுருள்களைப் பொறுப்பேற்றுப் புதுப்பிக்க, 2015இல்தான் படம் முறையாகத் திரையரங்குக்கு வந்தது. பெட்டியில் கிடந்த அம்மாவின் கதைகளையும் அவரே வெளிக்கொணர்ந்தார்.

ஐந்தாவது, பக்கத்துத் தீவின் சிங்களப் படம். சுமித்ரா பீரிஸ் 1978இல் எடுத்த 'கெஹெனு லமாய்'. படத்தொகுப்பாளராகத் தேர்ந்து இயக்குநரானவர், இலங்கையின் முதல் பெண் இயக்குநர் என்று அறியப்படுபவர். படிக்கிற ஏழைப் பெண், வசதியான வீட்டுப் பையன், அழகிப் போட்டிக்குப் போகும் தங்கை. வரம்புக்குள் நின்ற அக்காவுக்கும் வரம்பைத் தாண்டிய தங்கைக்கும் ஊர் ஒரே தண்டனையைத்தான் வைத்திருக்கிறது என்பதைக் குரல் உயர்த்தாமல் சொல்லும் படம். சுமித்ரா 2023இல் மறைந்தார். 2025இல் கான் விழாவில் இந்தப் படத்தின் புதுப்பிக்கப்பட்ட பிரதி திரையிடப்பட்டது.

கேட்கப்பட்டவர்கள் மாறினால்

பரிந்துரையால் வரலாறு மாறுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் மிகச் சிறந்த படங்களைக் கேட்டுப் பட்டியல் வெளியிடுகிறது. அறுபது ஆண்டுகளாக அதன் முதலிடத்தில் ஆண்கள் எடுத்த படங்களே இருந்தன. 2022இல் ஷாந்தால் அக்கர்மனின் 'ழான் தீல்மான்' முதலிடத்துக்கு வந்தது. 1975இல் 25 வயதுப் பெண், பெரும்பாலும் பெண்களே கொண்ட குழுவோடு எடுத்த 201 நிமிடப் படம். ஒரு விதவைத் தாய் மூன்று நாட்கள் உருளைக்கிழங்கு உரிக்கிறாள், படுக்கை விரிக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், பிற்பகலில் வீட்டுக்கு வரும் ஆண்களிடம் பணம் வாங்குகிறாள். ஒரு நாள் உருளைக்கிழங்கு அதிகமாக வெந்துவிடுகிறது. அங்கிருந்து அந்த ஒழுங்கு கலையத் தொடங்குகிறது.

படம் மாறவில்லை. 2012இல் 846 பேரிடம் கேட்கப்பட்ட கேள்வி 2022இல் 1,639 பேரிடம் கேட்கப்பட்டது. புதிதாகக் கேட்கப்பட்டவர்களில் பல நாட்டவரும் பெண்களும் இளையவர்களும் கூடினார்கள். முடிவு வந்ததும் இது அரசியல் என்று முணுமுணுத்தார்கள். அறுபது ஆண்டு ஆண்களின் பட்டியல் ரசனை, ஒரே ஒருமுறை ஒரு பெண் வந்தால் அரசியல்! பட்டியலின் உச்சியில் ஒரு பெயர் ஏறியதாலேயே வேலை முடிந்துவிட்டதாக நானும் நினைக்கவில்லை. பாத்திரம் கழுவுவதைத் திரையில் மூன்று மணி நேரம் பார்க்கத் தகுந்த காரியமாக ஒப்புக்கொள்ள ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே மாணவிகளிடம் சில காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு படத்தைத் தோழிக்குச் சொல்லும்போது நடிகர் பெயரோடு நிறுத்தாமல் இயக்கியவளின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். எழுதியவள், படத்தொகுப்பு செய்தவள் பெயர் தெரிந்தால் அதையும். எத்தனை நிமிடம் என்று சொல்லுங்கள். வீட்டுவேலைக்கு நடுவே பார்க்கிறவளுக்கு அது மிக முக்கியமான தகவல். படத்தில் வன்முறை இருந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள், அந்தப் பேச்சுதான் விமர்சனம். இரவுக் காட்சிக்குப் போக முடியாவிட்டால் பகலில் கூடுங்கள். வகுப்பறை போதும், ஒரு வெள்ளைச் சுவர் போதும். பார்த்ததை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். எங்கள் நோட்டு இப்போது நான்காவது. பட்டம் முடித்துப் போகும் மாணவிகள் கடைசிப் பக்கத்தில் அடுத்து வருகிறவர்களுக்கு ஒரு படத்தின் பெயரை எழுதிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது.

பாட்டியின் டிரங்குப் பெட்டியிலோ, ஊர் மூடிய கொட்டகையின் அறையிலோ பழைய படச்சுருள், பாட்டுப்புத்தகம், விளம்பர நோட்டீஸ் எது கிடைத்தாலும் எடைக்குப் போடாதீர்கள். 'மிஸ் கமலா'வின் ஒரு நோட்டீஸ் கிடைத்தாலும் அது வரலாறு. கிடைக்காமலே போனாலும், அப்படி ஒரு படம் இருந்தது, திருவையாற்றுக்காரி ஒருத்தி அதை எழுதி எடுத்தாள் என்று பக்கத்தில் இருக்கிறவளிடம் சொல்லுங்கள்.